பதினேழாம் நம்பர் தகடு

நாணல்பாக்கத்துல நாப்பத்திரெண்டு மாடில ரெண்டு டவர் கட்டப்போறோம்னு விண்முகில் கம்பெனி அறிவிச்சப்போ, அந்த இடத்துல ஒரு எருமை நின்னாக்கூட முட்டி வரைக்கும் இறங்கிடும். சதுப்பு நிலம். மேல நாணல், கீழ இருபது மீட்டருக்குக் கொழகொழன்னு களிமண்ணு. மழைத்தண்ணி ஊரெல்லாம் சுத்திட்டு வந்து உக்கார்ற இடம். இங்க கட்டடம் கட்டக்கூடாதுன்னு ஒரு போர்டு இருந்துச்சு. நாலு மழைக்கு அந்தப் போர்டே மண்ணுக்குள்ள போயிடுச்சு. தொல்லை விட்டதுன்னு அதுமேலயே பிளான் போட்டாங்க.

அவங்களுக்குத் தைரியம் கொடுத்தது பூச்சி. கம்பெனி அதுக்கு வச்ச பேரு வாயில நுழையாது, எல்லாரும் பூச்சின்னுதான் சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. குழாய் வச்சு களிமண்ணுக்குள்ள இறக்கி விடுவாங்க. மேல மிதி விழுந்தா அது முழிச்சுக்கும். மண்ணுல இருக்கிற தண்ணியை வெளிய தள்ளிட்டு, சுண்ணாம்பு மாதிரி ஒண்ணைக் கக்கி மண்ணை இறுக்கும். மண்ணு கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். அமுங்குறது எப்போ நின்னுச்சோ அப்போ மண்ணு பாறை. மிதி விழலைன்னா பூச்சி தூங்கிடும், மண்ணு சேறாவே கிடக்கும்.

சரி, மிதிக்கிறது யாரு?

இங்கதான் பெரிய மனுசங்க மூளை வேலை செஞ்சது. கால்வாய் ஓரத்தை அழகுபடுத்துறோம்னு எரநூத்திப் பன்னெண்டு குடும்பத்தை அப்பத்தான் காலி பண்ணியிருந்தாங்க. அவங்களைக் கொண்டுவந்து சதுப்பு மேல கனமில்லாத பலகைத் தரை போட்டு, தகர வீடா ஒரு முகாம் கட்டி, உக்கார வச்சாங்க. இருங்க, நடங்க, மிதிங்க, வாடகை வேணாம். கம்பெனி பேப்பர்ல அவங்களுக்குக் குடும்பம்னுகூடப் பேரு கிடையாது. 'உயிர்ச்சுமை'ன்னு போட்டிருந்தாங்க. சுமையாம். உசிரு இருக்கிற சுமையாம்.

முதல் நாள் கூட்டத்துல மைதிலி மேடம் வந்து விளக்குனாங்க. மண்ணு விஷயத்துல டாக்டர் பட்டம், கால்ல பொம்மை போட்ட ரப்பர் பூட்ஸு.

"மெஷினை வச்சு இடிச்சா பூச்சிக்கு சலிச்சுப்போயிடும்ங்க. ஒரே தாளம் பாருங்க. மனுஷங்க அப்படி இல்ல. நடப்பீங்க, ஓடுவீங்க, குடத்தை தொம்முன்னு இறக்குவீங்க, சண்டை போடுவீங்க. அந்த மாறி மாறி வர்ற அதிர்வுதான் பூச்சிக்கு உணவு மாதிரி. உங்களால மட்டும்தான் முடியும்."

பூங்காவனம் எழுந்து நின்னா. கருவாடு விக்கிறவ, அவ குரலுக்கு மைக்கு தேவையில்ல.

"அப்போ நாங்க சண்டை போட்டா உன் பில்டிங்கு கெட்டியா நிக்கும்ங்கிறியா?"

"அப்படியும் சொல்லலாம்மா."

"அப்டின்னா நீ ஆயிரம் மாடி கட்டலாம்மா, கவலையே படாத."

கூட்டமே சிரிச்சுது. மேடமும் சிரிச்சாங்க. சிரிக்காத ஒரே ஆள் வேம்புலி. அவன் ஒப்பந்தப் பேப்பரைப் படிச்சுக்கிட்டு இருந்தான். மண்ணு அமுங்குற வரைக்கும் இருக்கலாம். அமுங்குறது நின்னதும் 'ஜீரோ சர்டிபிகேட்' வரும். அப்புறம் பத்தே நாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி செங்காட்டுப்புலத்துல குடியிருப்பு. அங்க வேலை கிடையாது, பஸ்ஸு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. எவ்வளவு நல்லா மிதிக்கிறியோ அவ்வளவு சீக்கிரம் வெளிய போ. இதுதான் ஒப்பந்தம். படிச்சுட்டு அவனும் கையெழுத்துப் போட்டான். கால்வாய்க் கரைலேருந்து தூக்கி எறிஞ்சவன் வேற எங்க போவான்?

வேம்புலிக்கு நாப்பத்தொம்பது வயசு. முன்னாடி சர்வே பண்றவங்ககிட்ட கூடமாட நின்னு லெவல் பாக்கத் தெரிஞ்சவன். அதனால கம்பெனி அவனையே அளவு எடுக்கிற ஆளா வச்சுக்கிச்சு. முகாம் முழுக்க இருபத்துநாலு இரும்புத் தகடு பதிச்சிருந்தாங்க. சனிக்கிழமை காலைல ஒவ்வொண்ணுமேலயும் அளவுகோலை நிறுத்துனா எவ்வளவு அமுங்கியிருக்குன்னு கோல்லயே நம்பர் விழும். அதைக் கையால நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். இதுக்கெல்லாம் சென்சார் வைக்கக் கூடாதான்னு கேக்கலாம். வச்சாங்க. பூச்சி வயரைத் தின்னுடுச்சு. அதுவுமில்லாம வேற ஊர்ல இதே மாதிரி கட்டடம் ஒண்ணு சாய்ஞ்சு, கோர்ட்டு ஒரு சட்டம் போட்டிருந்துச்சு. அந்த மண்ணு மேலயே குடியிருக்கிற ஒருத்தன், நூத்தி அம்பத்தாறு வாரம் விடாம, ஒரு வாரம்கூட ஓட்டை இல்லாம, கையால எழுதி கையெழுத்து போட்டாத்தான் ஜீரோ சர்டிபிகேட். அந்த ஒருத்தன் வேம்புலி.

நூத்தி அம்பத்தஞ்சாவது வாரம் மேனேஜர் கோதண்டபாணி அவனை ஏசி கன்டெய்னருக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சான். மூணு வருஷத்துல உக்காருன்னு சொன்னது அதான் முதல் தடவை.

"எல்லாத் தகடும் நின்னுபோச்சு போலிருக்கே?"

"நின்னுடுச்சு சார்."

"அடுத்த சனிக்கிழமை கடைசி ரீடிங். மறுநாள் ஞாயித்துக்கிழமை ஜீரோ விழா. வீடு வாங்கினவங்கள்லாம் வராங்க. அவங்க முன்னாடி நீ கையெழுத்துப் போடுற, சால்வை போத்துறோம், போட்டோ. புரியுதா?"

"புரியுது சார்."

"அப்புறம் யோவ், உன்னை நாங்க விட்டுட மாட்டோம். டவர் வந்ததும் அடித்தளத்துல பம்ப் ரூம் வேலை. பின்னாடியே ஒரு ரூமு. அதுவரைக்கும் இங்கயே செட்டுல இருந்துக்கோ. உன் குடும்பம் மட்டும். வெளிய சொல்லித் தொலைக்காதே."

வேம்புலி தலையாட்டுனான். எரநூத்திப் பதினொரு குடும்பம் லாரில போகும், தான் மட்டும் இருக்கலாம். அதைக் கேட்டப்போ வயித்துக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அதுக்காக அவன் அப்புறம் ரொம்ப நாள் தன்மேலயே காறித் துப்பிக்கிட்டான்.

கடைசி ரீடிங்குக்கு மைதிலி மேடம் புதுசா ஒரு உத்தரவு போட்டாங்க. ஒவ்வொரு தகடுமேலயும் கோலை நிறுத்தி போட்டோ எடுக்கணும்.

அங்கதான் வேம்புலி மாட்டிக்கிட்டான். பதினேழாம் நம்பர் தகட்டை அவன் இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் படிச்சது கிடையாது.

காரணம் இதுதான். பதினேழு இருக்கிறது முகாம் நடுவுல, ரெண்டு தெரு சேர்ற முச்சந்தியில. குடிவந்த முதல் வெள்ளிக்கிழமையே பூங்காவனம் தன் மகன் வயித்துப் புள்ளைக்கு சுத்திப்போட்டு, உப்பையும் மிளகாயையும் எலுமிச்சம்பழத்தையும் அங்கதான் கொண்டுபோய்ப் போட்டா. முச்சந்தின்னா அதுக்குத்தானே. அப்புறம் எல்லாருமே. செவ்வாய், வெள்ளி, அமாவாசை. உடைச்ச பூசணிக்காய், குங்குமம் தடவுன எலுமிச்சை, கழிப்பு கழிச்ச மண்சட்டி. அதை மிதிச்சா அடுத்தவன் பீடை நம்ம கால்ல ஏறும். குழந்தைங்களுக்குக்கூட அது தெரியும், ஓடி வந்தாலும் வளைஞ்சு ஓடும். தண்ணிக்குடம் சுமக்கிறவ சுத்திப் போவா. குடிச்சிட்டு வர்றவன்கூட அந்த இடத்துல மட்டும் தெளிஞ்சுடுவான். அந்த மாதிரி எரநூத்திப் பன்னெண்டு குடும்பமும் மூணு வருஷமா கட்டில் அகலத்துக்கு ஒரு இடத்தைச் சுத்தியே போச்சு.

வேம்புலிக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா மிதிக்கத் தைரியமும் இல்ல. பதினாறையும் பதினெட்டையும் பாத்து நடுவுல ஒரு நம்பரைப் பதினேழுக்கு எழுதிடுவான். வாராவாரம் பொய்யை மில்லிமீட்டர் சுத்தமா எழுதினான்.

கடைசி சனிக்கிழமை, முச்சந்தியில நேத்துப் போட்ட பூசணி ஈ மொய்ச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. வேம்புலி செருப்போட நின்னு சுத்தும் முத்தும் பாத்தான். ஒரு குச்சியால பூசணியைத் தள்ளினான். கீழ சட்டி ஓடு. அதுக்குக் கீழ தேங்காய் ஓடு. தகட்டைக் காணோம். குனிஞ்சு கையால தோண்டுனான். எலுமிச்சை அழுகல், சாம்பல், இன்னும் ஓடு. கை முழங்கை வரைக்கும் போச்சு. சில்லுன்னு தண்ணி. தோள்பட்டை வரைக்கும் விட்டான். அடி தட்டல.

அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. மூணு வருஷமா எரநூறு குடும்பம் கொண்டுவந்து கொட்டின கழிவு, ஆள் உசரத்துக்குக் குவிஞ்சிருக்கணும். ஒருநாளும் முழங்காலைத் தாண்டல. எங்க போகுதுன்னு ஒருத்தனும் கேக்கல. அளவு எடுக்கிற இவனும் கேக்கல.

மைதிலி மேடத்தைத் தனியா கூட்டிட்டு வந்து காமிச்சான். அந்தம்மா ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஊனினாங்க. ரெண்டு மீட்டர் கம்பி, வெண்ணெய்ல கத்தி இறங்குற மாதிரி இறங்கி, கைப்பிடி மட்டும் மிச்சம்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

முதல்ல கேட்ட கேள்வி அது. எவ்வளவு ஆழம்னு கேக்கல.

"எனக்கும் உங்களுக்கும்தான் மேடம். இதுமேல என்ன வருது?"

"லிஃப்ட் குழி. நடுத் தூண்கள்." அந்தம்மா கையைத் துடைச்சுக்கிட்டாங்க. "வேம்புலி, உங்களை நம்பினோம். ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து மூணு வருஷம் கதை எழுதியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்கு மேடம்."

"கடவுளே. இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஜனம்."

"நீங்க மூணு வருஷமா வந்து போறீங்களே மேடம். நீங்களும் ஒருநாள்கூட அதை மிதிச்சதில்ல. சுத்தித்தான் போவீங்க."

மேடம் முகம் ஒரு மாதிரி ஆச்சு. "எனக்கு ஈ பிடிக்காது," அப்படின்னாங்க. அப்புறம் குரலை மாத்திக்கிட்டு, "பாருங்க, இருபத்துமூணு தகடு நல்லா இருக்கு. சராசரி எடுத்தா பாஸ்தான். மேல கனமா கான்கிரீட் தட்டு போடுவோம், அது இந்த மாதிரி சின்னச் சின்னப் பள்ளத்தைத் தாங்கிக்கும்."

"சராசரி எடுத்துத்தானே மேடம் நானும் எழுதினேன்? அதுக்குத்தானே இப்போ திட்டினீங்க?"

"அது வேற."

"மேடம், ஸ்டாஃப்புக்கு தள்ளுபடில வீடு தராங்கன்னாங்க. நீங்க இதுல புக் பண்ணியிருக்கீங்களா?"

மேடம் போனைப் பாத்தாங்க. போன் அடிக்கவே இல்ல.

"நான் பரங்கிமலைப் பக்கம் பாத்திருக்கேன்."

"நல்லதுங்க. அங்க கீழ பாறை."

மேடம் கிளம்புறப்போ திரும்பிப் பாக்காமலே சொன்னாங்க: "நாளைக்கு நோட்டுல ஜீரோ எழுதிக் கையெழுத்து போடுங்க. உங்களுக்கு வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். கெடுத்துக்காதீங்க."

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். தெய்வானை மாவாட்டிக்கிட்டு இருந்தா. கேட்டுக்கு வெளிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களுக்கு காலைல இட்லி விப்பா, அந்த வருமானம்தான் வீடு. எல்லாத்தையும் சொன்னான். பம்ப் ரூம் கதையையும் சொன்னான்.

"அப்ப நீ பம்ப்பு ஓட்டிகினு கீழ குந்திகினு இருப்ப," அப்படின்னா தெய்வானை.

"ஆமா."

"மேல நாப்பத்திரெண்டு மாடி."

"ஆமா."

"அடியில உன் பதினேழாம் நம்பரு. இன்னிக்கோ நாளைக்கோ அது சாய்ஞ்சா மொத மொத யார் மண்டைல வுழும்?"

வேம்புலி நிமிந்து கூரைத் தகரத்தைப் பாத்தான்.

"பேமானிங்க. உனக்கு வேலை குடுக்கலய்யா, கையெழுத்து போட்டவனையும் சேத்துப் பொதைக்கிறதுக்கு எடம் குடுத்துக்கிறானுங்க."

"உண்மையைச் சொன்னா நோட்டு செல்லாது. மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும். இன்னும் மூணு வருஷம் எல்லாரும் இங்கயே இருப்பாங்க. ஆனா நம்மள அன்னிக்கே வெளிய தள்ளுவானுங்க. உன் இட்லி?"

தெய்வானை மாவுக் கையோட அவனை நிமிந்து பாத்தா. "எனக்கு வுடு. நீ இன்னா பண்ணப்போற?"

"தெரியல."

"மூணு வருஷமா தெரிஞ்சவன் மாதிரி எழுதின. இப்போதான் தெரியலயா?" கிரைண்டரைப் போட்டுட்டா.

ஞாயித்துக்கிழமை காலைல ஷாமியானா, குளுகுளு மெஷின், வாசல்ல பன்னீர். வீடு வாங்கினவங்க கார் கார்ரா வந்து இறங்குனாங்க. அவங்க கால் சேறாகக் கூடாதுன்னு கேட்டுலேருந்து மேடை வரைக்கும் கண்ணாடிப் பாலம். பாலத்துமேல நின்னு முகாமை எட்டிப் பாத்தாங்க, மிருகக்காட்சி சாலைல பாக்கிற மாதிரி. மைக்கை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, "நம்ம கனவு இல்லத்துக்குத் தங்கள் காலடியால் அஸ்திவாரம் போட்ட அன்புச் சொந்தங்கள்"னு சொல்லிச்சு. அன்புச் சொந்தங்களுக்கு ஷாமியானாவுக்குள்ள நாற்காலி போடல. கயித்துக்கு அந்தப் பக்கம் வெயில்ல நின்னாங்க.

கேள்வி நேரம் வந்துச்சு. பட்டு ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் எழுந்தார். முப்பத்தோராம் மாடி வாங்கியிருக்காராம்.

"டெக்னாலஜி எல்லாம் ரொம்ப திருப்தி. ஒரே ஒரு சின்ன விஷயம். மூணு வருஷமா இவங்க பொழங்கின மண்ணு. நாங்க குடி வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சுத்தி பூஜை மாதிரி செஞ்சு தருவீங்களா?"

கூட்டத்துல நிறையத் தலை ஆடுச்சு. கேக்கணும்னு நினைச்சு வாய்க்குள்ளயே வச்சிருந்தவங்க தலை. கோதண்டபாணி மைக்கை வாங்கிக்கிட்டு, "நல்ல கேள்வி சார். மேல் மண்ணு ஒரு அடி எடுத்துடுவோம். அப்புறம் முறையா புண்ணியாகவாசனம் பண்ணி, கோமியம் தெளிச்சு, ஹோமம் வளத்துதான் கையில சாவி தருவோம். அது பேக்கேஜ்லயே இருக்கு," அப்படின்னான். கைதட்டுனாங்க.

கயித்துக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் இருந்தா. அவகூட ஒண்ணும் சொல்லல. மூணு வருஷத்துல அவ வாயடைச்சு வேம்புலி பாத்தது அன்னிக்குத்தான்.

வேம்புலி பேரைக் கூப்பிட்டாங்க. மேடையேறுனான். சால்வை போத்துனாங்க. மேசைமேல நோட்டு, அதுக்கு நேர் மேல கேமரா, பின்னாடி பெரிய திரை. அவன் எழுதுறதை எல்லாரும் பாக்கணுமாம். திரையில அவன் விரல் தூண் மாதிரி தெரிஞ்சுது.

நூத்தி அம்பத்தாறாவது வாரம். ஒண்ணாம் தகடு, ஜீரோ. ரெண்டு, ஜீரோ. அப்படியே பதினாறு வரைக்கும் வந்தான். பேனா நின்னுச்சு. கோதண்டபாணி கடிகாரத்தைப் பாத்தான். மைதிலி மேடம் தரையைப் பாத்தாங்க. பட்டு ஜிப்பா பெரியவர் பன்னீரைக் கைக்குட்டையால துடைச்சுக்கிட்டு இருந்தார்.

வேம்புலி எழுதுனான்: 'இந்த வாரம் படிக்கல. தகடு காணோம், சேத்துல போயிடுச்சு. முன்ன எழுதின நூத்தி அம்பத்தஞ்சு வாரமும் படிக்கல. எல்லாம் பொய். இப்படிக்கு வேம்புலி.'

கோணல் எழுத்துதான். திரை பெருசா இருந்ததால கடைசி வரிசை வரைக்கும் நல்லா தெரிஞ்சுது.

அப்புறம் ஒரு குரல்: "பதினேழு எந்த டவருக்குக் கீழ வருது?"

"ஏ டவர் போலிருக்கு."

"அப்போ பி டவருக்கு ஒண்ணும் இல்லயே?"

"நாம பிதானே? நாம பிதான்."

இதுதாங்க படிச்சவங்க, பண்பானவங்க. பாலத்துமேல ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சுட்டாங்க. ஏ டவர்காரங்க கோதண்டபாணி சட்டையைப் புடிச்சாங்க, பி டவர்காரங்க டிபன் எங்கன்னு கேட்டாங்க.

அன்னிக்கு மத்தியானமே கம்பெனி வக்கீல் வந்து சட்டத்தைப் பாத்தார். எப்படிப் பாத்தாலும் ஒண்ணுதான். எழுதினவனே பொய்னு சொல்லிட்டான், ஊரே பாத்துடுச்சு, நோட்டு செல்லாது. புது நோட்டு, புது ஆள், மறுபடி நூத்தி அம்பத்தாறு வாரம். அதுவரைக்கும் சுமை நகரக் கூடாது. போலீஸுக்குப் போனா பேப்பர்ல வரும்னு வேம்புலிமேல கேஸு மட்டும் போடல. மறுநாள் காலைல வீட்டைக் காலி பண்ணுன்னு சீட்டு வந்துச்சு, அவன் ஒருத்தனுக்கு.

முகாம்ல அவனுக்கு மாலை போட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. "மூணு வருஷம் பொய் எழுதி சம்பளம் வாங்கிக்கிறான் பாரு"ன்னு பாதிப் பேர் திட்டுனாங்க. "இன்னும் மூணு வருஷம் இந்தத் தகரத்துல வேகணுமா"ன்னு மீதிப் பேர் திட்டுனாங்க. இருக்க இடம் கிடைச்சுதேன்னு ஒருத்தர் வாயிலயும் வரல. பூங்காவனம் மட்டும் மூட்டை கட்டுற இடத்துக்கு வந்தா. ஒரு சட்டியைத் தூக்கித் தெய்வானைகிட்ட கொடுத்துக்கிட்டே, தாழ்ந்த குரல்ல கேட்டா:

"ஏன் அண்ணாத்த, மிதிக்காத எடம் இறுகாது. அப்டித்தான?"

"அப்படித்தான்."

"ஒரு எடம் இறுகலைன்னா சர்டிபிகேட்டு கெடையாது."

"கிடையாது."

"அப்ப இன்னும் மூணு வருசம் கழிச்சும் எங்கனா ஒரு எடம்..."

"எம்மா, நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லவே வாணாம். எனக்கு வெளங்கிச்சு." பூங்காவனம் முகத்துல பழைய களை வந்துடுச்சு. "எடத்த நாங்க பாத்துக்கறோம். நீ போய்ட்டு வா."

அதைக் கேட்டதும் வேம்புலிக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு. நாம போனா என்ன, இவனுங்களுக்கு இந்த ஜனம் இல்லாம ஒரு செங்கல் எழும்பாது, இவங்க காலடியிலதான் அவனுங்க குடுமி இருக்குன்னு நினைச்சான். அந்த நினைப்புல சாமானை ஒத்தை லாரில ஏத்துனான். நாப்பது லாரி வரவேண்டிய இடத்துல வந்தது ஒண்ணுதான்.

கேட்டுகிட்ட கோதண்டபாணி நின்னுக்கிட்டு இருந்தான். நேத்துப் போட்ட சட்டைதான், ரெண்டு பட்டன் இல்ல. பக்கத்துல நாலு ஆளுங்க மணல் மூட்டையும், பெட்டி மாதிரி ஒரு சின்ன மெஷினையும் தள்ளுவண்டில ஏத்திக்கிட்டு வேம்புலி வீட்டுப் பக்கம் போனாங்க.

"அது என்ன சார்?"

"உன் குடும்பம் போகுதுல்ல. சுமை குறையக் கூடாதுன்னு வக்கீல் சொல்றார். அடுத்த குடும்பம் கிடைக்கிற வரைக்கும் மூட்டையை அடுக்கி, மெஷினைப் போட்டு அதிர விட்டா சரியாப் போச்சு."

"பூச்சிக்கு மெஷின் ஆகாதே சார். ஒரே தாளம், சலிச்சுப்போயிடும்னு மேடம் சொன்னாங்களே. எங்களால மட்டும்தான் முடியும்னு."

கோதண்டபாணி அவனை ஏற இறங்கப் பாத்தான். கோபமெல்லாம் போயி, நிஜமாவே பரிதாபப்படுற மாதிரி இருந்துச்சு அந்தப் பார்வை.

"யோவ், பூச்சிக்கு ஏதுய்யா சலிப்பு? வேற எல்லா ஊர்லயும் மெஷின்தான். அடுத்த ஊர் சைட்டுல போய்ப் பாரு, கையெழுத்துக்கு ஒரு வாட்ச்மேன், வேற ஆளே கிடையாது, ஒன்பது மாசத்துல மண்ணை இறுக்கிட்டான்."

"அப்போ நாங்க எதுக்கு?"

"மெஷினுக்கு டீசல் போடணும், ஆயில் மாத்தணும், பழுது பாக்கணும். நீங்க ரேஷன் அரிசியில ஓடினீங்க."

சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிட்டான். வேம்புலி உள்ள போகத் திரும்புனான், பூங்காவனத்துகிட்ட இதைச் சொல்லியாகணும். காவலாளி கம்பைக் குறுக்க நீட்டினான். பேரு பட்டியல்ல இல்லயாம்.

"ஏறுய்யா," அப்படின்னா லாரிமேலேருந்து தெய்வானை.

ஏறுனான். லாரி கிளம்புறப்போ அவன் வீட்டுப் பக்கத்துலேருந்து சத்தம் வந்துச்சு. ஒரு குடும்பம் குடியிருக்கிற சத்தம் மாதிரி ஒண்ணுமே இல்ல. சும்மா குர்ர்ருன்னு, ஒரே தாளத்துல. மண்ணுக்கு அது போதுமாம்.